விளங்குச்சா? மருந்து, நோய் பற்றிச் சொன்னது நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல் மருந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். முதலில் அரசாங்க கிளினிக், இப்போது ஒரு சின்ன மருந்துக் கடை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மருத்துவ முகாம்களுக்கும் போவதுண்டு. அங்கே ரத்த அழுத்தம் பார்க்க வரும் தொண்டர் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த மிஸ்ஸிகள் (தாதியர்), அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலையும் மகன் மகள்கள் எல்லோரிடமும், நாம் சொன்னது விளங்காமலே தலையாட்டிவிட்டுப் போகும் நோயாளிகளைப் பற்றிச் சொல்வேன். உடனே ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

“விளங்காதவங்கனு நீங்க சொல்றது படிக்கத் தெரியாதவங்களையா?”

அவர்களையும்தான், ஆனால் அவர்களை மட்டும் இல்லை. மருந்துப் பையில் எழுதியிருப்பதைப் படிப்பது, டாக்டர் சொன்னதை வீட்டில் போய்ச் செய்வது, ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்வது, எந்தக் கவுண்டருக்கு எந்தச் சீட்டைக் கொண்டுபோவது என்று அறிவது, எல்லாம் சேர்ந்ததுதான் உடல்நலத் தகவலை விளங்கிக்கொள்ளும் திறன். தினமும் பேப்பர் படிக்கும் ஆளுக்குக்கூட இதில் ஏதாவது ஒன்று இடிக்கும்.

இன்னொன்று, இது ஒரு மனிதருக்கு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கணக்காளராக வேலை பார்த்த ஒருவர், தன் மனைவிக்குப் புற்றுநோய் என்று கேட்ட அன்று, நான் கொடுத்த வாந்தி மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று நான்கு தடவை கேட்டார். பயத்தில் காது அடைத்துப்போகும். அவருக்கும் அன்றைக்கு விளங்கவில்லைதான்.

“இந்தக் காலத்துல எல்லாரும் ஸ்கூலுக்குப் போனவங்கதானே, இன்னுமா இப்படி இருக்காங்க?”

இருக்கிறார்கள், நாம் நினைப்பதைவிட அதிகமாக. 2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வில் பெரியவர்களில் 35.1 விழுக்காட்டினருக்கு இந்தத் திறன் குறைவு என்று தெரியவந்தது. ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒருவர். உங்கள் கிளினிக்கில் காலையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களும் நாள்பட்ட நோய்க்காரர்களும்தான் அங்கே அதிகம் என்பதால் நான் இன்னும் கூடவே வைப்பேன்.

நம் ஆட்களுக்கு இதில் தனிக் கதை உண்டு. நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பாட்டிமார் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்று வருடம் படித்ததோடு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டவர்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் தோட்டத்து டிரஸர் (மருத்துவ உதவியாளர்) தமிழில் பேசுவார், மருந்தையும் அவரே ஊற்றிக் கொடுப்பார். அவர்கள்தான் இன்று எழுபது வயதில் ஏழு விதமான மாத்திரையோடு, மலாயில் அச்சடித்த பையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

“பாத்த உடனே கண்டுபிடிக்க ஏதாவது அடையாளம் இருக்கா?”

உறுதியாகச் சொல்லும் அடையாளம் எதுவும் கிடையாது. சந்தேகப்பட வைக்கும் சில பழக்கங்கள் உண்டு. பாரத்தை நீட்டினால் “கண்ணாடி கொண்டுவரல” என்பார்கள், போன தடவையும் கண்ணாடி வந்திருக்காது. “வீட்ல போய் நிதானமா படிச்சுக்கிறேன்” என்று தாளை மடித்துப் பைக்குள் வைப்பார்கள். பாரத்தில் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் காலி. படிப்பது போல் தாளைப் பார்ப்பார்கள், கண் வரியோடு நகராது. அடுத்த தேதி தப்பிப்போகும், அல்லது அதிகாலையிலேயே வந்து தேதி தவறு என்று திரும்பிப் போவார்கள். எதற்கும் “சரிங்க டாக்டர்”தான், ஒரு கேள்விகூட வராது.

எனக்கு அதிகம் உதவுவது மருந்துப் பைதான். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் அப்படியே அள்ளிக்கொண்டு வரச் சொல்லி மேசைமேல் பரப்புவேன். “இது எதுக்கு சாப்பிடுறீங்கம்மா?” என்று ஒன்றைக் காட்டினால், எழுத்தைப் பார்க்காமல் மாத்திரையை வெளியே எடுத்து நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். நிறத்தை வைத்து மருந்து சாப்பிடுகிறவருக்கு, கம்பெனி மாறி அதே மருந்து வேறு நிறத்தில் வந்தால் அது புது மருந்து. ஒரு அம்மா பழைய மெட்ஃபார்மினையும் (சர்க்கரை மாத்திரை) புதுப் பெட்டியில் வந்த மெட்ஃபார்மினையும் ஒன்றரை மாதம் சேர்த்தே சாப்பிட்டு வந்திருந்தார். “வயிறு சரியில்ல” என்று மட்டும்தான் சொன்னார். பையைக் கொட்டிப் பார்த்திருக்காவிட்டால் அவருக்கு வயிற்றுக்கு இன்னொரு மாத்திரை சேர்ந்திருக்கும்.

மிச்சம் இருக்கும் மாத்திரை எண்ணிக்கையும் அடையாளம்தான். மாதக் கடைசியில் முப்பது மாத்திரையில் இருபது மிச்சம் இருந்தாலும் கவனியுங்கள், பத்து நாளில் காலியாகியிருந்தாலும் கவனியுங்கள்.

“தெரியலனா தெரியலனு சொல்லிட வேண்டியதுதானே, எதுக்கு மறைக்கணும்?”

வெட்கம். வேறு ஒன்றும் இல்லை. 1996-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய பொது மருத்துவமனை நோயாளிகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். படிப்பதில் சிரமம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தன் கணவனிடமோ மனைவியிடமோ ஒருநாளும் சொன்னதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. கட்டியவரிடமே சொல்லாததைக் கவுண்டரில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, பேத்தி வயதுள்ள மிஸ்ஸியிடம் சொல்வார்களா?

கண்ணாடி மறந்துவிட்டது என்பதைப் பொய் என்று பார்க்காதீர்கள். அவருடைய மரியாதையை அவர் காப்பாற்றிக்கொள்கிறார். “பரவால்லம்மா, நானே படிச்சுச் சொல்றேன், எழுத்து சின்னதாதான் இருக்கு” என்று அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

“‘விளங்குதா’னு ஒவ்வொரு தடவையும் கேக்கிறேன். ‘விளங்குது’னுதான் சொல்றாங்க. அப்புறம் நான் என்ன செய்யறது?”

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு வேறு பதிலே வராது. “இல்ல, விளங்கல” என்று பெரியவர் சொன்னால் உங்களைக் குறை சொன்னது போலவும் ஆகும், தன்னை மட்டம் தட்டிக்கொண்டது போலவும் ஆகும். நம் தலையாட்டலும் இதில் சேர்ந்துகொள்ளும். “கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க” என்று நாம் ஆட்டும் தலையை, தமிழ் தெரியாத டாக்டர் “எல்லாம் விளங்கிவிட்டது” என்று எடுத்துக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பதில் அவரையே திருப்பிச் சொல்லவையுங்கள், இல்லாவிட்டால் செய்து காட்டவையுங்கள். நான் சொல்வது இப்படி: “அம்மா, நான் இன்னைக்கு நிறைய பேசிட்டேன், ஒழுங்கா சொன்னேனானு பாத்துக்கணும். வீட்டுக்குப் போனதும் ஐயா கேப்பாரில்ல, என்ன மருந்து, எப்படிச் சாப்பிடணும்னு, அவர்கிட்ட எப்படிச் சொல்வீங்க?” மாத்திரை என்றால், “நாளைக்குக் காலையில எத்தனை எடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்க” என்று அட்டையைக் கையில் கொடுத்துவிடுவேன். ஊசி, இன்ஹேலர் எல்லாம் வாயால் சொன்னால் போதாது, செய்துதான் காட்ட வேண்டும். தப்பாக வந்தால் அதே வார்த்தையைச் சத்தமாகத் திரும்பச் சொல்லாதீர்கள், வேறு மாதிரி சொல்லுங்கள், பிறகு மறுபடியும் கேளுங்கள்.

டாக்டர் அறையில் கேட்டதில் 40 முதல் 80 விழுக்காடு உடனே மறந்துபோகும் என்று 2003-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. அதனால் ஒரு தடவைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் சொல்ல வேண்டாம். எந்த மூன்று என்று முடிவு செய்வதுதான் நம் வேலையில் கஷ்டமான பகுதி.

“அப்படிக் கேட்டா பரீட்சை வைக்கிற மாதிரி இருக்காதா? கோவிச்சுக்குவாங்களே?”

“எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டால் கட்டாயம் கோபம் வரும், எனக்கும் வரும். மேலே நான் எழுதிய வாக்கியத்தை மறுபடி பாருங்கள், அதில் பரீட்சை எனக்கு, அவருக்கு இல்லை. நான் சரியாகச் சொன்னேனா என்பதுதான் கேள்வி. அதை உண்மையாகவே அப்படி நினைத்துக் கேளுங்கள், குரலில் தெரிந்துவிடும்.

“லேபிளைத் தட்டுத் தடங்கல் இல்லாம படிச்சுக் காட்டினாரு. அப்ப விளங்குதுனுதானே அர்த்தம்?”

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறோம். 2006-இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ‘இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை’ என்ற லேபிளைப் படிப்பறிவு குறைந்தவர்களில் 70.7 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை, எண்ணிக் காட்டுங்கள் என்றதும் சரியாக எண்ணியவர்கள் 34.7 விழுக்காடுதான். சொன்னவர்களில் பாதி காணாமல் போய்விட்டார்கள்.

நம் ஊர் லேபிளில் இன்னும் ஒரு சங்கடம். ‘செபெலும் மாக்கான்’ என்றால் சாப்பிடுவதற்கு முன், ‘செலெபாஸ் மாக்கான்’ என்றால் பின். இரண்டும் ‘செ’யில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே நீளத்தில், பையின் ஒரே இடத்தில் இருக்கும். அப்புறம் ‘3 காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்’ (ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பின்) என்பதைச் சரியாகவே விளங்கிக்கொண்ட தாத்தா ஒருவர், காலையில் தேத்தண்ணியோடு இரண்டு பிஸ்கட்தான், அது சாப்பாடு இல்லை என்று ஒரு வேளை மருந்தை விட்டுவந்தார். அவர் மலாய் நன்றாகவே படிப்பார். ‘சாப்பாடு’ என்பதில்தான் லேபிள் எழுதியவருக்கும் அவருக்கும் வேறு வேறு அர்த்தம்.

“தமிழ்ல சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்ல?”

பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் எந்தத் தமிழ்? ‘உயர் குருதி அழுத்தம்’ என்று அச்சடித்த தாளைப் பார்த்து, அது தனக்கு இல்லாத ஏதோ புது நோய் என்று பயந்தவர்கள் உண்டு. அவருக்கு அது ரத்தக் கொதிப்பு, அல்லது ‘டாரா திங்கி’. நீரிழிவு என்றால் சிலருக்கு மூத்திரம் அடிக்கடி போகும் வியாதி, இனிப்பு நீர் என்றால்தான் உடனே பிடிபடும். நோயாளி முதலில் எந்த வார்த்தையைச் சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொண்டு பேசுங்கள்.

தமிழிலேயே தடுக்கி விழும் இடமும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதற்கு ‘புவாசா’ என்று மலாயில் சொல்வதை, ஒரு மிஸ்ஸி அன்போடு “நாளைக்கு விரதமா வாங்க பாட்டி” என்று மொழிபெயர்த்துச் சொன்னார். பாட்டி விரதமாகவே வந்தார், குளித்து, திருநீறு இட்டு, மீன் இறைச்சி இல்லாமல், நான்கு இட்லியும் மைலோவும் சாப்பிட்டு. நம் வீட்டில் விரதம் என்றால் அதுதானே? “ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணி தவிர எதுவும் வாயில போடாதீங்க, தேத்தண்ணியும் வேண்டாம்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

“அப்பா யூடியூப் பாத்துட்டு தனக்கு சுகர் ரொம்பக் கம்மினு மருந்தை நிறுத்திட்டாரு. இதுவும் இதுல சேருமா?”

நிச்சயமாகச் சேரும், இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தமிழ்நாட்டு டாக்டர்கள் பேசும் வீடியோக்களில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள், வெறும் வயிற்றில் 126-க்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பார்கள். மலேசியாவில் நம் மிஷின் காட்டுவது மில்லிமோல். அதே 126 இங்கே 7.0. இங்கே காட்டும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்கே சொல்லும் எண் வரும். அப்பாவின் மிஷினில் 9.2 என்று வந்திருக்கும், 126 எங்கே, 9 எங்கே என்று நிம்மதியாகிவிட்டார். கணக்குப் போட்டால் அது 165-க்கு மேல்.

எண்ணைச் சொல்வதோடு நிறுத்தாமல், “இது உங்களுக்கு நல்ல எண்ணா, கூடுதல் எண்ணா, என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். மருந்தை நிறுத்தியவரைத் திட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். அவர் தகவலைத் தேடிப் படித்திருக்கிறார், அந்த அக்கறையைக் கெடுத்துவிடக் கூடாது.

“மகனோ மகளோ கூட வந்துட்டா கவலை இல்லைதானே?”

கூட வருவது நல்லது, ஆனால் மருந்தை எடுத்துக் கொடுக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். கூட்டி வந்தவர் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன், லீவு போட்டுவிட்டு வந்திருப்பார், அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார். வீட்டில் மாத்திரை பிரித்துக் கொடுப்பது மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ. விளங்க வேண்டியது அவருக்கு.

மொழிபெயர்ப்பில் விடுபடுவதும் அதிகம். டாக்டர் இரண்டு நிமிடம் பேசுவார், மகள் திரும்பி “ஒண்ணும் பயப்பட வேண்டாமாம்” என்று முடித்துவிடுவாள். அம்மா மகளைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தே பதில் சொல்லும்படி ஒரே ஒரு கேள்வியாவது கேளுங்கள். பத்து வயதுப் பேரனை வைத்து மாதவிடாய், கருப்பை விஷயமெல்லாம் பேசவே கூடாது. பாட்டியும் சொல்ல மாட்டார், பிள்ளையும் பாவம்.

“இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்காமே, எல்லாருக்கும் வச்சுட்டா என்ன?”

இருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து லேபிளைக் கொடுத்து ஆறு கேள்வி கேட்கும் ஒன்று 2005-இல் வந்தது, மூன்று நிமிடத்தில் முடியும். 66 மருத்துவச் சொற்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் ஆங்கிலச் சோதனையும் உண்டு. அந்த வகைச் சோதனையைத் தமிழில் அப்படியே செய்தால் பிரயோஜனம் இருக்காது, ஏனென்றால் எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று படித்துவிடலாம், அது என்னவென்று தெரிய வேண்டியதில்லை. ஸ்பானிஷ் மொழிக்கும் இதே சிக்கல் வந்ததால்தான் 2006-இல் அர்த்தத்தையும் சேர்த்துக் கேட்கும் வேறு சோதனையைச் செய்தார்கள். ஒரே கேள்வியில் முடிப்பதும் உண்டு: டாக்டரோ மருந்துக் கடையோ கொடுக்கும் தாளைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி ஆள் துணை வேண்டும்? எனக்கு இது பிடிக்கும், தனியாக இருக்கும்போது, மெதுவாகக் கேட்டால்.

ஆனால் எல்லோருக்கும் சோதனை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. மேலே வெட்கத்தைப் பற்றிச் சொன்னதுதான் முதல் காரணம். அடுத்து, 2005-இல் ஓர் ஆய்வில் டாக்டர்களிடம் ‘இந்த நோயாளிக்குத் திறன் குறைவு’ என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். டாக்டர்கள் கொஞ்சம் கூடுதலாக முயன்றார்கள், ஆனால் அந்தச் சந்திப்பில் அவர்களுக்கே திருப்தி குறைந்தது, நோயாளியின் தன்னம்பிக்கையும் கூடிவிடவில்லை. அதனால்தான் ரத்தம் எடுக்கும்போது யாராக இருந்தாலும் கையுறை போடுவது போல, யாராக இருந்தாலும் எளிமையாகச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள் என்ற வழியை 2010-இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று கையேடாகவே வெளியிட்டது. படித்தவர்களுக்கும் இப்படியா என்று கேட்பீர்கள். நான் சொன்ன கணக்காளரை நினைத்துக்கொள்ளுங்கள். எளிமையாகச் சொன்னதற்காக என்னிடம் சண்டை போட்ட படித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

“விளங்கலையா, காது கேக்கலையா, மறதியா? எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?”

முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து மெதுவாகச் சொன்னதும் பதில் மாறினால் அது காது. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசினால் எனக்கே கேட்காது. மறதி என்றால், அந்த நிமிடம் சரியாகத் திருப்பிச் சொல்வார், பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் ‘யார் சொன்னது?’ என்பார். முன்பு தன் மருந்தைத் தானே சரியாகப் பார்த்துக்கொண்டவர் இப்போது திடீரென்று குழம்பினால், அதைப் படிப்பறிவில் போட்டு மூடிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

“அவருக்கு எல்லாம் விளங்குது, ஆனாலும் மருந்து சாப்பிட மாட்டேங்கிறாரு. அது வேற பிரச்சினைதானே?”

பாதி வேறு. மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று பிசகாமல் சொல்வார், ஆனால் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கை வந்த வழி இருக்கிறது: சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் பல வருடம் இருந்த அண்ணனுக்கு கிட்னி கழுவ ஆரம்பித்தார்கள், அண்ணனும் அதே மாத்திரை சாப்பிட்டவர். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை, கெடுப்பது சர்க்கரை. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதைப் பார்த்துத்தான் கதை தலைகீழாகிவிட்டது. இதைத் திருப்பிச் சொல்லவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. “இந்த மருந்தைப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும்.

பணம், பஸ் வசதி, கவனித்துக்கொள்ள ஆளில்லாதது என்றால் அது முழுக்க வேறு. அதற்கு விளக்கம் மருந்தாகாது.

“கார்டுல ‘படிக்கத் தெரியாது’னு எழுதி வச்சுட்டா அடுத்தவங்களுக்கு வசதியா இருக்கும்ல?”

அந்த வார்த்தையில் வேண்டாம். கிளினிக் கார்டு அவர் கையில்தான் இருக்கிறது, மகள் படிப்பாள், வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் படிப்பார். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்: ‘தமிழில் வாயால் சொல்லவும், மாத்திரையை எடுத்துக் காட்டச் சொல்லவும், மருமகளுக்குப் போன் செய்யவும்’. அதையும் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

“எனக்கே டாக்டர் சொல்றது பாதி விளங்கல. நான் என்ன கேக்கணும்?”

மூன்றே மூன்று. எனக்கு முக்கியமான பிரச்சினை என்ன? அதுக்கு நான் என்ன செய்யணும்? அதை ஏன் செய்யணும்? இதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், எழுத வராவிட்டால் விரலை மடித்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, வெளியே வருவதற்கு முன் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: “டாக்டர், நான் விளங்கிக்கிட்டதைச் சொல்றேன், சரியானு பாருங்க.” மலாயில் என்றால் “சாயா உலாங் பாலேக், டாக்டர் தெங்கோக் பெத்துல் கா தாக்”, எந்த டாக்டருக்கும் புரியும். அவருக்கு அவசரமாக இருந்தால் மருந்துக் கவுண்டரில் எங்களிடம் வந்து அதையே சொல்லுங்கள்.